பொட்டி பேசுற வரைக்கும்

786
பேகம்பூர், திண்டுக்கல்
4.7.2024

அன்புள்ள இஷாக் அண்ணனுக்குத் தங்கச்சி கமர்ஜஹான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் மச்சானும் இஃப்பத்தும் அல்லாஹ் கிருபையில் சுகமாக இருக்கிறோம். உங்கள் தோள்வலி தேவலையா? முஹ்சினா மதினிக்குச் சர்க்கரை இறங்கியதா?

இதையெல்லாம் போனில் கேட்டிருக்க வேண்டும். பக்ரீத் முடிந்து பதினேழு நாளாகிறது. ஒன்பது தடவை போன் போட்டுவிட்டேன். ஒன்பது தடவையும் மதினிதான் எடுக்கிறார்கள். "உங்க அண்ணன் பக்கத்துலதான் இருக்காக, பேச மாட்டேங்குறாக" என்று சொல்லிவிட்டு அவர்களே சிரிக்கிறார்கள். உங்களுக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது, ஞாபகம் இருக்கட்டும்.

பக்ரீத்துக்கு மறுநாள் நம் சோற்றுக்கடையில் நடந்ததை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. அத்தா உட்கார்ந்த கல்லா மேசையில் புதுசாக ஒரு கார்டு மெஷின் இருப்பதைப் பார்த்தீர்கள். யாரோ கார்டை வைத்தார்கள். "நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது" என்று அது சொன்னது. அவ்வளவுதான்! நெய்ச்சோற்றில் வைத்த கையை உதறிக்கொண்டு எழுந்து, "அல்லாஹ் மேல சத்தியமா சொல்றேன், அத்தா கல்லாவுல இந்தப் பொட்டி பேசுற வரைக்கும் உங்கூட ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். பேச மாட்டேன் என்றுதானே சத்தியம்? எழுத மாட்டேன் என்று இல்லையே. அதனால்தான் எழுதுகிறேன்.

இஃப்பத்துக்கு நிக்காஹ் குறித்தாயிற்று. ரஜபு மாதம், ஜனவரி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை நத்தம் அல் அமீன்தான். சம்பந்தி வீட்டார் நாலு பேர் முன்னால் தாய்மாமன் என்னிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அதற்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள்.

வேறு விசேஷமில்லை. மதினிக்கு என் சலாம்.

இப்படிக்கு,
கமர்ஜஹான்

*

786
சென்னை
15.7.2024

அன்புத் தங்கை கமருக்கு, வ அலைக்குமுஸ் ஸலாம். கடிதம் கிடைத்தது. தோள் பரவாயில்லை. உன் முழங்கால் வீக்கத்துக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

எழுதினால் சத்தியம் முறியுமா என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். முறியாது என்றார். கூடவே, "மூணு நாளைக்கு மேல கூடப்பொறந்தவகிட்ட முகத்தைத் திருப்பக் கூடாதுன்னு தெரியாதா உமக்கு?" என்று ஒரு வாங்கு வாங்கினார். கடிதத்தில் சலாம் சொல்லிவிடுகிறேனே என்றேன். அவர் தாடியைத் தடவினார்.

நீ ஒன்றைப் புரிந்துகொள். இந்த ஜவுளிக்கடையில் இருபத்திரண்டு வருஷம் கேஷ் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் நான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்டைத் தடவினால் எந்த நோட்டு ஒட்டுப் போட்டது என்று சொல்லிவிடுவேன். உன் பொட்டிக்கு விரல் இருக்கிறதா? அதுவும் எங்கே கொண்டுபோய் வைத்தாய், அத்தா கல்லாவில். நான் பள்ளிக்கூடம் போகும் முன்னால் அத்தா என்னைக் கூப்பிட்டு, "இஷாக்கு கை ராசியான கை" என்று தினமும் ஒரு ரூபாய் கொடுத்து, அதை என் கையால் கல்லாவில் போடச் சொல்வார். அந்தச் சத்தம் கேட்டால்தான் அடுப்பிலிருந்து சட்டி இறங்கும். அதுதான் கடைக்குப் போணி. உன் பொட்டியில் ஒரு ரூபாய் விழ ஓட்டை எங்கே இருக்கிறது, சொல்.

நிக்காஹுக்கு வருவேன். முன்வரிசையில் நிற்பேன். ஆனால் பேச மாட்டேன்.

மச்சானுக்கு சலாம். பிள்ளைக்கு என் துஆ.

இஷாக்

*

786
பேகம்பூர்
29.7.2024

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் நலம். மழைதான் இல்லை, வெயில் மண்டையைப் பிளக்கிறது. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

முன்வரிசையில் நிற்பாராம், பேச மாட்டாராம். உங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது!

மெஷினுக்கு விரல் இல்லைதான். ஆனால் அது எதற்கு வந்தது என்று நீங்கள் கேட்கவே இல்லை. குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து மில் வேலைக்கு வருகிற சிவனம்மாள் என்று ஒரு பிள்ளை. சம்பளம் பேங்கில் விழும். மாசக் கடைசியில் இருநூற்று எண்பது ரூபாய் மிஞ்சியிருக்கும், ஏடிஎம்மில் போனால் ஐநூறுக்குக் குறைந்து வராது. "எம் பணம்தான்க்கா, ஆனா எடுக்க முடியலை" என்று சொல்லிவிட்டு டீயும் பன்னும் தின்றுவிட்டுப் போவாள். இப்போது கார்டைப் பெட்டி மேல் வைக்கிறாள், சோறு சாப்பிடுகிறாள். அவளைப் பார்த்து அவள் மில்லிலிருந்து இன்னும் எட்டுப் பேர் வருகிறார்கள்.

அது வாய் திறந்து பேசுவதும் எனக்காகத்தான். நான் அடுப்பில் நிற்கிறேன், தாளிச்சா கொதிக்கிறது, கல்லாவை எட்டிப் பார்க்க முடியுமா? அது சொன்னால் நான் இங்கிருந்தே "அல்ஹம்துலில்லாஹ்" சொல்லிவிட்டுத் தட்டை நீட்டுவேன். முதல் நாள் அது இந்தியில் பேசியது. கடையே முழித்தது. இஃப்பத்துதான் எதையோ தட்டித் தமிழுக்கு மாற்றினாள்.

ஒரே ஒரு தொந்தரவு சூசைமாணிக்கம் சார்தான். ரிட்டயர்டு வாத்தியார். வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். அவர் கார்டு பழசு, சொருகி நாலு நம்பர் அடிக்க வேண்டும். கண் தெரியாமல், ஒவ்வொரு நம்பரையும் வாய்ப்பாடு சொல்வதுபோல உரக்கச் சொல்லிக்கொண்டே அடிப்பார். கடையில் பாதிப் பேருக்கு அவர் நம்பர் மனப்பாடம். மெதுவாச் சொல்லுங்க சார் என்றால், "நான் என்ன திருடியா வச்சிருக்கேன்" என்று கோபம் வருகிறது.

சரி, சத்தத்தை அடியோடு குறைத்து வைத்துவிட்டால் உங்கள் சத்தியம் தீர்ந்துவிடுமா? ஹஜ்ரத்தைக் கேட்டு எழுதுங்கள்.

உங்கள்,
கமர்

*

786
சென்னை
21.8.2024

அன்புத் தங்கைக்கு, சலாம். நலம், நலமறிய ஆவல்.

முணுமுணுத்தாலும் பேச்சு பேச்சுதான். ஹஜ்ரத்தைக் கேட்கவில்லை, எனக்கே தெரியும்.

அந்த வாத்தியாரை நம்பரைக் கத்தாமல் இருக்கச் சொல். ஊர் கெட்டுக் கிடக்கிறது.

இஃப்பத்துக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டு எழுது. பட்டு நான் எடுப்பேன். கட்டைப் பை கேட்டு வாங்கியே கொடுத்தனுப்புவேன், சாதாரணப் பையில் இரண்டு பட்டு வைத்தால் கைப்பிடி அறுந்துவிடுகிறது. கூட்டத்தில் தினம் நாலு பேருக்காவது அறுந்துபோகிறது.

நேரமில்லை. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

இஷாக்

*

786
பேகம்பூர்
6.9.2024

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். தைலம் வந்தது, தேய்த்தேன், முழங்கால் மடங்குகிறது. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.

இஃப்பத்துக்கு மாந்தளிர் நிறம் வேண்டுமாம். சாயம் போகாததாகப் பார்த்து எடுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஒரு கூத்து. ராத்திரி இடி இடித்ததில் கரண்ட்டும் இல்லை, டவரும் இல்லை. பெட்டி அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. "ஏம்மா, இன்னிக்கித்தான் அது பேசலையே, மாமாவுக்குப் போன் போடு" என்றாள் இஃப்பத்து. ஓடிப்போய்ப் போனை எடுத்தேன். டவர் இல்லாமல் போன் மட்டும் எப்படிப் போகும்? இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தோம். அப்புறம் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. நீங்கள் எதிரில் இருந்திருந்தால் அன்றைக்குப் பேசியிருப்பீர்கள், இல்லையா?

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதம் இரண்டும் ஒரு தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. திருப்பினால், மேலே "பொருள் வழங்குமிடம்" என்று அச்சடித்திருக்கிறது. கேஷ் கவுன்ட்டர்க்காரருக்கு அந்தத் தாள் எப்படிக் கிடைத்தது? பை அறுந்துபோகிற கதையெல்லாம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவருக்கு எப்படித் தெரியும்? மதினியிடம் கேட்டேன். "உங்க அண்ணன்கிட்டயே கேளுங்க" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

சும்மாதான் கேட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கமர்

*

786
பேகம்பூர்
4.11.2024

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா?

இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. தீபாவளிக் கூட்டம், உங்கள் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். தீபாவளியும் போய்விட்டது. நான் தாளைப் பற்றிக் கேட்டது தப்பென்றால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதுங்கள், அது போதும்.

இங்கே ஒரு அதிசயம். அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை, சென்னையிலிருந்து பாஸ்கல் என்று ஒருவர் போன் செய்தார். "பத்து ஏழைகளுக்கு ரெண்டு வேளையும் வயிறாரச் சோறு போடணும்க்கா, பணம் இப்பவே அனுப்பிடுறேன்" என்றார். இஃப்பத்து அவர் போனுக்கு என்னவோ லிங்க் அனுப்பினாள், அங்கே அவர் கார்டு நம்பரைப் போட்டார், இங்கே பெட்டி "இரண்டாயிரத்து நானூறு ரூபாய் பெறப்பட்டது" என்றது. கிறிஸ்தவப் பிள்ளை, பேகம்பூரில் பத்து மிஸ்கீனுக்கு நெய்ச்சோறு போடச் சொல்கிறது! எதற்குத் தம்பி என்று கேட்டேன். "ஒரு நல்ல காரியத்துக்குத்தான்க்கா" என்று வைத்துவிட்டார். பள்ளிவாசல் வாசலில் பத்துப் பேரைக் கூட்டிவந்து மத்தியானமும் போட்டேன், அவர்களுக்காகவே சாயந்திரமும் அடுப்பு பற்றவைத்துப் போட்டேன். அவர் யாரோ, எவரோ, நன்றாக இருக்கட்டும்.

நிக்காஹுக்கு இன்னும் எழுபத்தாறு நாள் இருக்கிறது.

கமர்

*

786
சென்னை
19.11.2024

அன்புத் தங்கை கமருக்கு, அண்ணன் இஷாக் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றுமில்லை. பதறாதே.

பாஸ்கல் என் கூட வேலை செய்கிற தம்பி. எங்கே தெரியுமா? பொருள் வழங்குமிடத்தில். நீ தாளைத் திருப்பிப் பார்த்தது சரிதான். எட்டு மாதமாக நான் அங்கேதான் நிற்கிறேன். எங்கள் தளத்தில் ஒன்பது கேஷ் கவுன்ட்டர் இருந்தது. எல்லாரும் கார்டும் போனும் நீட்ட ஆரம்பித்த பிறகு இரண்டு போதும் என்றார்கள். வேலையை எடுக்கவில்லை, சம்பளம் குறைக்கவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். டோக்கன் வாங்கிக்கொண்டு பையைக் கொடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நிற்கிறேன். தோள்வலி தூக்கித் தூக்கி வந்ததுதான். மதினியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது கமரு.

பக்ரீத்துக்கு வந்தபோது உன்னிடம் சொல்ல வேண்டும் என்றுதான் கடைக்கு வந்தேன். வாயைத் திறக்கப் போகிறேன், அத்தா கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பொட்டி பேசுகிறது. இங்கேயும் வந்துவிட்டாயா என்று ஆகிவிட்டது எனக்கு. கோபம் அதன் மேல், விழுந்தது உன் மேல்.

இன்னொரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். சத்தியத்தை முறித்தால் கஃப்பாரா என்று பரிகாரம் உண்டு, பத்து ஏழைகளுக்கு இரண்டு வேளைச் சோறு. சரி, அதை முதலில் கொடுத்துவிட்டால் அப்புறம் தைரியமாகப் பேசிவிடலாம் என்று நினைத்தேன். என் பேர் தெரியக் கூடாது என்று பாஸ்கல் கார்டில் போடச் சொல்லிப் பணத்தை அவன் கையில் கொடுத்தேன். ஊரில் உன் கை நெய்ச்சோறுதானே நல்ல சோறு. பிறகு ஹஜ்ரத்திடம் பெருமையாகச் சொன்னால், "முதல்ல முறிக்கணும் பாய், அதுக்கப்புறம்தான் கஃப்பாரா. நீர் போட்டது வெறும் தர்மம். நன்மை உண்டு, ஆனா சத்தியம் அப்படியே இருக்கு" என்று சிரிக்கிறார். அபராதம் கட்டிவிட்டேன், தப்பு இன்னும் செய்யவில்லை!

மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

இஷாக்

*

786
பேகம்பூர்
28.11.2024

என் அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நலம் விசாரிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். உங்கள் மச்சான் வெங்காயத்தால் என்று நினைத்துக்கொண்டு கூடையை நகர்த்தி வைத்தார். எட்டு மாதம்! என்னிடம் சொல்ல என்ன வெட்கம்? எனக்கு மூக்கு ஒழுகியபோது துடைத்துவிட்டவர் நீங்கள். பை கொடுத்தால் என்ன, பணம் எண்ணினால் என்ன, நீங்கள் என் அண்ணன்தானே. உங்கள் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும்போல இருக்கிறது. நேரில் வாருங்கள், வைக்கிறேன்.

பத்துப் பேருக்குச் சோறு போட்ட புண்ணியவான் நல்லா இருக்கட்டும் என்று துஆ செய்தேனே, அது உங்களுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். அந்தப் பெட்டி உங்களை அவ்வளவு நோகடித்தது என்று தெரிந்த பிறகு எனக்கு அது வேண்டாம். ஒரு வரி எழுதுங்கள், திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சத்தியம் தானாகத் தீர்ந்துவிடும், கஃப்பாராவும் வேண்டாம். சிவனம்மாளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். அவளுக்கு மாசக் கடைசியில் எழுதி வைத்துக்கொண்டு போட்டால் போகிறது. இஃப்பத்தும் சரி என்றுவிட்டாள். மனசாரத்தான் சொல்கிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
கமர்

*

786
சென்னை
16.12.2024

அன்புத் தங்கைக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். மதினிக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. எனக்குத் தோள் தேவலை.

பெட்டியைக் கொடுத்துவிடாதே. அந்தப் பிள்ளை சோற்றைக் கடன் சொல்லித் தின்ன வேண்டாம், அவள் பணத்தில் அவள் சாப்பிடட்டும். அது பேசட்டும். நான் செய்த சத்தியத்தை நானே முறிக்கிறேன்.

இங்கே ஒரு சங்கதி. தீபாவளிக் கூட்டத்தில் வயசானவர்களால் வரிசையில் நிற்க முடியவில்லை. மேனேஜர் ஒரு கையடக்கக் கார்டு மெஷினை என்னிடம் நீட்டி, "பாய், பெஞ்சுல உக்காந்திருக்கிற பெரியவங்ககிட்ட நீங்களே கொண்டுபோய்ப் போட்டு வாங்க" என்றார். பாம்பைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தேன். முதல் நாள் ஒரு அம்மாவுக்குப் பதினெட்டாயிரத்துக்கு ஒரு சைபர் குறைத்துப் போட்டுவிட்டேன். அந்த அம்மாவே பார்த்து, "தம்பி, இந்த விலைக்கு நான் கடையையே வாங்கிருவேன்" என்றார்கள். இப்போது பழகிவிட்டது. அவர்கள் பக்கத்தில் குனிந்து, மெஷினை அவர்கள் மடிக்கு நேரே பிடிக்கிறேன். நம்பர் அடிக்கும்போது என் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். "பொறுமையா அடிங்க, ஒண்ணும் அவசரமில்லை" என்கிறேன். தீபாவளி முடிந்தும் அந்த வேலையை என்னிடமே விட்டுவிட்டார்கள். "அந்தத் தாடிக்காரரைக் கூப்பிடுங்க" என்று என்னைத் தேடி வருகிறார்கள். சொன்னால் சிரிப்பாய், எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜனவரி பதினேழு, வெள்ளிக்கிழமை காலை வந்து சேர்கிறோம். பொங்கல் கூட்டத்திலும் பாஸ்கல் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டான். பத்துப் பேரைச் சொல்லி வை. ஏழு மாதம் பேசாதவன் முதல் வார்த்தையாக எதைச் சொல்வது என்று தினமும் யோசிக்கிறேன். நல்லதாக ஒன்று சொல்ல வேண்டும்.

உன் அண்ணன்,
இஷாக்

*

786
பேகம்பூர்
3.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இஃப்பத்தும் மாப்பிள்ளையும் நத்தத்திலிருந்து வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். மாந்தளிர்ப் பட்டு பீரோவுக்குள் போகவே மாட்டேன் என்கிறது, கட்டிக்கொண்டே திரிகிறாள்.

நேற்று முக்கால் மணி நேரம் போனில் பேசிவிட்டு இப்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். எழுதிப் பழகிவிட்டது. வாயில் வராதது சில சமயம் பேனாவில் வருகிறது.

அந்த வெள்ளிக்கிழமையை என் பக்கத்திலிருந்து உங்களுக்குச் சொல்லவே இல்லை. மணப்பெண் என்று இஃப்பத்தை வீட்டில் உட்கார வைத்துவிட்டோம். கல்லாவில் ஆளில்லை. ஜும்ஆ முடிந்து கூட்டம் நெரிகிறது. காலையில் நீங்கள் வீட்டில் வந்து இறங்கும் முன்னாலேயே நான் கடைக்கு வந்துவிட்டேன்; பள்ளிவாசலிலிருந்து எப்போது வருவீர்கள், என்ன சொல்வீர்கள் என்று அதே யோசனைதான். அடுப்பைப் பார்த்து நிற்கிறேன். பின்னால் சூசைமாணிக்கம் சார் தன் நம்பரைக் கத்த ஆரம்பிக்கிறார். இரண்டாவது நம்பரில் நின்றுவிட்டது. "பொறுமையா அடிங்க சார், நான் பாக்கலை" என்று யாரோ சொல்கிறார்கள். "நூற்று இருபது ரூபாய் பெறப்பட்டது" என்கிறது பெட்டி. அது வாயை மூடவில்லை, அதற்குள்ளே கல்லாவிலிருந்து கணீர் என்று ஒரு குரல்:

"ஏ கமரு, சாருக்கு ஒரு நெய்ச்சோறு!"

"இந்தா வருது" என்று சொல்லிவிட்டு நான் தட்டில் சோறே போட்டுவிட்டேன் அண்ணே. அப்புறம்தான் கரண்டி நின்றது. திரும்பிப் பார்த்தால், நீங்கள் ஒரு கையில் மெஷினோடு, இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறீர்கள். ஒரு மாதமாக யோசித்து வைத்த நல்ல வார்த்தை என்ன ஆயிற்றோ தெரியாது. எனக்கு இதைவிட நல்ல வார்த்தை வேண்டாம். சார் நம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சோத்தைக் குடுத்துட்டு அழும்மா" என்றார்.

அப்புறம் உங்கள் கார்டை நீங்களே வைத்துப் பத்துப் பேருக்குச் சோறு போட்டீர்கள். நிக்காஹ் அன்று நத்தத்துக்காரர்களிடம் நீங்கள் பேசிய பேச்சில் சம்பந்தி காதைத் தேய்த்துக்கொண்டு போனார். எல்லாம் நிறைவாக நடந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

இன்று காலை ஒன்று நடந்தது, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். பதினொன்றரை மணிக்குக் கடையைத் திறந்து, பெட்டியைக் கல்லாவில் வைத்து, சுவிட்சைப் போட்டேன். ஒரு ஈ காக்கை வரவில்லை. சட்டி இன்னும் அடுப்பில்தான் இருக்கிறது. அது தானாகவே வாயைத் திறந்து, "ஒரு ரூபாய் பெறப்பட்டது" என்றது.

யாரடா ஒரு ரூபாய்க்குச் சோறு கேட்பது என்று போனை எடுத்துப் பார்த்தேன். உங்கள் பேர் இருந்தது.

"வ அலைக்குமுஸ் ஸலாம்" என்று பெட்டியிடமே சொல்லிவிட்டுச் சட்டியை இறக்கினேன். நாளைக்கும் பதினொன்றரைக்குப் போட்டுவிடுங்கள், மறக்காமல்.

உங்கள் தங்கச்சி,
கமர்